வால்டர் மர்ச்சை நம்பி வாங்கிய மேசை

இந்த மேசையை நான் முதுகுவலிக்காக வாங்கவில்லை. முதுகுவலி இருக்கிறதுதான். இருபது வருஷமாக இருக்கிறது. எடிட்டர்களுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வருவது. வாங்கியதற்குக் காரணம் வேறு. வால்டர் மர்ச் என்ற ஹாலிவுட் எடிட்டர் நின்றுகொண்டுதான் படம் வெட்டுவார் என்று எப்போதோ படித்திருந்தேன். படித்த அன்றே ஆசை வந்தது. நிறைவேறப் பதினைந்து வருஷம் பிடித்தது. வாங்கி எட்டு மாதம் ஆகிறது, இப்போது தைரியமாகக் கருத்துச் சொல்லலாம்.

பொருள் என்னவென்றால், மின்சாரத்தில் ஏறி இறங்கும் மேசை. பலகை 160-க்கு 75 சென்டிமீட்டர். காலுக்கு ஒன்றாக இரண்டு மோட்டார். மிகத் தாழ்வாக 62 சென்டிமீட்டர் வரை இறங்கும், உயரே 127 வரை ஏறும். முன்பக்கம் சின்னதாக ஒரு பெட்டி, அதில் ஏற்ற, இறக்க இரண்டு பொத்தான், நமக்குப் பிடித்த உயரங்களை நினைவில் வைக்க நான்கு பொத்தான். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அது ஒருவர் தலையில் விழ வேண்டாம். அதுவும் இல்லாமல் இந்த வகை மேசைகள் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

மர்ச்சைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 1943-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அறுபதுகளின் கடைசியில் இயக்குநர்கள் கொப்போலா, ஜார்ஜ் லூகாஸ் கூட்டத்தோடு சான் பிரான்சிஸ்கோ பக்கம் போய்ச் சேர்ந்தார். ஆரம்பம் ஒலியில். 'காட்ஃபாதர்' ஒலியில் அவர் கை உண்டு. 1974-ல் 'தி கான்வர்சேஷன்' படத்துக்கு ஒலி, எடிட்டிங் இரண்டையும் பார்த்தார். 1979-ல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' ஒலிக்காக ஆஸ்கர். 1996-ல் வந்த 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்துக்கு எடிட்டிங்குக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என ஒரே படத்தில் இரண்டு ஆஸ்கர். நடுவில் 1990-ல் வந்த 'கோஸ்ட்', 'காட்ஃபாதர் 3' என்ற இரண்டு படங்களுக்கும் ஒரே வருஷத்தில் எடிட்டிங் பரிந்துரை வாங்கி, இரண்டிலும் கிடைக்காமல் போனதும் உண்டு. அந்த வருஷம் அவர் தன்னோடு தானே போட்டி போட்டிருக்கிறார்.

இந்த மனிதர் ஏன் நிற்கிறார்? அவர் சொன்ன காரணம் எளிமையானது. அறுவை சிகிச்சை நிபுணர் யாராவது உட்கார்ந்துகொண்டு ஆபரேஷன் செய்து பார்த்திருக்கிறீர்களா, அடுப்படியில் யாராவது உட்கார்ந்து சமைக்கிறார்களா, உட்கார்ந்து ஆடுகிற நாட்டியக்காரர் உண்டா என்று கேட்கிறார். கடைசி உதாரணம்தான் அவருக்கு முக்கியம். எடிட்டிங் ஒருவகை ஆட்டம் என்பது அவர் கட்சி. பிலிம் காலத்தில் கெம் என்ற பெரிய எடிட்டிங் மேசையை நிற்கிற உயரத்துக்குத் தூக்கி வைத்து வேலை பார்த்தவர்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நான் உதவியாளராகச் சேர்ந்த நாட்களில் நிற்பது உதவியாளர் வேலை. பிலிம் இன்னும் முழுசாகப் போகாத காலம். ரீவைண்டர் மேசை பக்கத்தில் நின்று சுற்றுவது, ட்ரிம்களை, அதாவது வெட்டி மிஞ்சிய பிலிம் துண்டுகளைக் கொக்கியில் தொங்கவிட்டு எண் பார்த்து எடுத்துக் கொடுப்பது, ஜாயின்ட் போட டேப் ஒட்டுவது எல்லாம் நின்றபடிதான். எடிட்டர் ஐயா மட்டும் ஸ்டூலில் இருப்பார். "எடிட்டர் ஆனா உட்காரலாம்மா" என்பார். ஆனேன், உட்கார்ந்தேன், இருபது வருஷம் உட்கார்ந்தேன். இப்போது நிற்பதற்குக் காசு கொடுத்திருக்கிறேன். அவர் இருந்திருந்தால் இந்த மேசையைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, மேசைக்கு வருவோம். முதல் நாளே ஒரு விபத்து. பொத்தானை அழுத்தினேன், மேசை அழகாக ஏறியது, ஏறும்போது ஹார்ட் டிஸ்க் பெட்டியின் கரன்ட் வயர் இழுபட்டு, பெட்டி பலகை ஓரம் வரை நகர்ந்து, விழுவதற்கு இரண்டு விரல் முன்னால் என் உதவியாளர் பாய்ந்து பிடித்தான். உள்ளே மூன்று நாள் ரஷ், அதாவது இன்னும் வெட்டாத படப்பிடிப்புக் காட்சிகள். இன்னொரு பிரதி இருந்தது, ஆனாலும் அந்த ஐந்து நொடி மறக்காது. தடுப்புச் சென்சார் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது மேசை எதிலாவது அழுத்தமாக முட்டினால்தான் நிற்கும். ஒரு வயரின் இழுப்பெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ப்ளக் போர்டைப் பலகையின் அடிப்பக்கத்தில் திருகிவிடுங்கள். எல்லா வயரும் மேலேயே முடிய வேண்டும். தரைக்கு வருவது ஒரே ஒரு வயராக, அதுவும் முழு உயரத்துக்குப் போதுமான நீளத்தில் இருக்க வேண்டும். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

அடுத்தது ஆட்டம். நாட்டியம் இல்லை, மேசையின் ஆட்டம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியதும் மர்ச்தான். எடிட்டிங் அறையில் சின்னத் திரையில் பார்க்கிற படம் தியேட்டரில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது மறந்துபோகும். மறக்காமலிருக்க அவர் காகிதத்தில் ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு சின்னப் பொம்மைகள் வெட்டித் திரையின் இரு பக்கமும் நிற்க வைப்பார். தியேட்டரில் திரைக்கு முன்னால் ஆள் நின்றால் எந்த அளவில் தெரிவாரோ அந்த அளவு. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் மானிட்டர் முப்பது அடித் திரையாகிவிடும். நானும் பழைய கால்ஷீட் அட்டையில் இரண்டு வெட்டி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். மேசை தாழ்ந்திருக்கும்போது இரண்டும் சிலையாக நிற்கின்றன. நான் நிற்கிற உயரமான 98-ல் கீபோர்டைத் தட்டினால் லேசாகத் தலையசைக்கின்றன. 110-க்கு மேல் போனால் ஸ்பேஸ் பாருக்கு ஒருமுறை கும்மி அடிக்கின்றன.

காரணம் இரண்டு. இந்த மாதிரி மேசைகளில் இரு கால்களுக்கும் நடுவே கீழே குறுக்குச் சட்டம் கிடையாது. முட்டி இடிக்கக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள். அதனால் உயரம் கூடக் கூட பக்கவாட்டில் ஆடும். இன்னொன்று என் தப்பு. மானிட்டரைப் பலகை ஓரத்தில் கவ்வுகிற கை மாதிரியான ஸ்டாண்டில் மாட்டியிருந்தேன். பலகையில் கடுகளவு அசைவு வந்தால் அந்தக் கையின் நுனியில் அது மிளகாகிவிடும். மானிட்டரோடு வந்த கனமான அடிப்பாகத்தையே திரும்ப மாட்டினேன், பாதி ஆட்டம் போனது. ஒரு மாதம் கழித்து எல்லா போல்டையும் மறுபடி முறுக்கினேன், இன்னும் கொஞ்சம் போனது. மீதி போகாது. ஃபோகஸ் சரியா என்று உற்றுப் பார்க்கிற வேளையில் அது எரிச்சல்தான்.

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நின்று வேலை பார்க்கிற மேசை வாங்கும்போது எல்லோரும் எவ்வளவு உயரம் போகும் என்று கேட்கிறார்கள். குள்ளமானவர்கள் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு தாழ இறங்கும் என்பது. இரண்டு அடுக்குக் கால் உள்ள மேசைகள் பல 70 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காது. எனக்கு அது தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்கிற உயரம். மூன்று அடுக்குக் கால் உள்ளதை எடுத்தால்தான் 62, 63 கிடைக்கும். முழங்கை செங்கோணத்தில் மடங்கி நிற்கும் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். உட்கார்ந்தும் அளங்கள், நின்றும் அளங்கள். எனக்கு 63, 98.

இனி முக்கியமான விஷயம். நின்றால் எடிட்டிங் மாறுகிறதா?

மர்ச்சின் வழக்கம் ஒன்று உண்டு. ஷாட்டை ஓடவிடுவார். வெட்ட வேண்டும் என்று தோன்றுகிற இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தத்தைத் தட்டுவார். எந்த ஃப்ரேம், அதாவது எந்தத் தனிப் படம் என்று குறித்துக்கொள்வார். மறுபடி ஓடவிட்டு மறுபடி தட்டுவார். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்போது இரண்டாம் தடவையும் அதே ஃப்ரேமில் கை விழுந்தால் அங்கே ஏதோ இருக்கிறது, அது சரியான இடம். விழாவிட்டால் இன்னும் ஷாட்டைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். நானும் செய்து பார்த்தேன். எண்ணியே பார்த்தேன். நின்றால் துல்லியம் கூடுகிறது என்று சொல்ல ஆசைதான், ஆனால் கூடவில்லை. உட்கார்ந்தாலும் நின்றாலும் இரண்டு மூன்று ஃப்ரேம் வித்தியாசத்தில்தான் விழுகிறது. நான் மர்ச் இல்லை.

மாறியது வேறொன்று. உட்கார்ந்திருந்தால் நான் ஷாட்டை ஓடவிடுவதே இல்லை. மவுஸைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து, படம் படமாகப் பார்த்து, உதடு மூடிய ஃப்ரேமைக் கண்டுபிடித்து வெட்டிவிடுகிறேன். தையல் பிரிப்பது மாதிரி. நின்றால் அது முடிவதில்லை. உடம்புக்குப் பொறுமை இல்லை, குனிந்து நோண்டப் பிடிக்காது, ஓடவிட்டுப் பார்க்கத்தான் தோன்றுகிறது. இத்தனை வருஷத்தில் நான் எவ்வளவு குறைவாகப் படம் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஃப்ரேம்களைப் பார்த்திருக்கிறேன், படத்தை இல்லை.

ஒரு உதாரணம். ஓர் ஆவணப்படம், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரின் பேட்டி. மனைவியைப் பற்றி ஒரு கேள்வி. பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறார். மௌனம் மொத்தம் ஒன்பது நொடி. உட்கார்ந்து வெட்டிய பிரதியில் இரண்டு நொடியில் அடுத்த ஷாட்டுக்குப் போயிருந்தேன், அதற்கு மேல் வைத்தால் இழுக்கும் என்ற பயம். அப்புறம் மேசையை ஏற்றிவிட்டு ஓடவிட்டேன். இரண்டு நொடி ஆனது, கை போகவில்லை. நாலு, ஐந்து. அவர் மேல்பாக்கெட்டில் இருக்கிற பேனாவைத் தொட்டுப் பார்க்கிறார். குனிகிறார். கண்ணை ஒருமுறை மூடித் திறக்கிறார். அந்த இடத்தில் நான் இடது காலில் இருந்து வலது காலுக்கு மாறி நின்றேன். தட்டக்கூட இல்லை, கால் மாறியது, அவ்வளவுதான். மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் அங்கேதான் மாறியது. ஏழு நொடிக்குக் கொஞ்சம் மேலே. அங்கே வெட்டினேன், அது இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கண் சிமிட்டலும் மர்ச் பேசிய விஷயம்தான். 'தி கான்வர்சேஷன்' படத்தில் ஜீன் ஹேக்மன் நடித்த ஷாட்களை வெட்டும்போது, தான் வெட்ட முடிவுசெய்த இடத்துக்கு வெகு அருகில் ஹேக்மன் கண் சிமிட்டுவதை அடிக்கடி கவனித்தாராம். ஒரு எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நாம் சிமிட்டுகிறோம், வெட்டும் அங்கேதான் விழ வேண்டும் என்று அதிலிருந்து ஒரு யோசனையை வளர்த்தார். ஒவ்வொரு சிமிட்டலிலும் வெட்டு என்று இதை எடுத்துக்கொண்டு இளைஞர்கள் படும் பாடு தனிக்கதை.

நிற்பதில் இன்னொரு லாபம் சுவர். மர்ச் ஒவ்வொரு ஷாட்டில் இருந்தும் பிரதிநிதியாக ஓரிரு ஃப்ரேமைப் புகைப்படமாக எடுத்து, காட்சி வாரியாக அட்டைகளில் ஒட்டி அறை முழுக்க மாட்டி வைப்பார். நானும் சில வருஷமாக அப்படி ஒட்டுகிறேன், ஆனால் நாற்காலியில் இருந்து அது வெறும் அலங்காரம். நின்றால் இரண்டு எட்டு வைத்துப் பக்கத்தில் போகிறேன், ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன். நாற்காலியில் இருந்து எழுந்து போகவேண்டும் என்றால் போக மாட்டேன். சோம்பேறித்தனம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் நாள் முழுக்க நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. முதல் இரண்டு வாரம் குதிகால் வலி உயிர் போனது. கெட்டியான ரப்பர் விரிப்பு ஒன்று காலுக்குக் கீழே போட்ட பிறகு பரவாயில்லை. ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம், அதற்கு மேல் நின்றால் படத்தைப் பற்றி யோசிக்காமல் காலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுகிறேன். 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு எடுத்த பிலிம் பன்னிரண்டரை லட்சம் அடி, ஓடினால் 230 மணி நேரத்துக்கு மேல். அது கடைசியில் இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம் ஆனது. மொத்த வெட்டுகளை நாட்களாலும் எடிட்டர்களாலும் வகுத்துப் பார்த்து, ஒரு எடிட்டருக்கு நாளுக்கு 1.47 வெட்டு என்று மர்ச் கணக்குப் போட்டார். அந்த 1.47-க்காக எத்தனை மணி நேரம் நின்றிருப்பார் என்று முன்பெல்லாம் வியந்ததில்லை. இப்போது என் குதிகால் வியக்கிறது.

ஆக நான் கண்டுபிடித்த உபயோகம் இதுதான்: பார்க்கிற வேலைக்கு மேலே, குமாஸ்தா வேலைக்குக் கீழே. படத்தோடு ஒலியைப் பொருத்தி சிங்க் பார்ப்பது, கோப்புக்குப் பெயர் வைப்பது, சப்டைட்டில், ஏற்றுமதி, பில், வராத பாக்கிக்கு மின்னஞ்சல் எல்லாம் 63-ல். ரஷ் பார்ப்பது, வெட்டுவது, வெட்டியதை ஓட்டிப் பார்ப்பது 98-ல். முன்பு இரண்டும் ஒரே நாற்காலியில் கலந்து கிடந்தன, ஒரு ஷாட்டைப் பார்த்துக்கொண்டே பாக்கியை நினைப்பேன். இப்போது ஒரு நாளைக்கு ஆறேழு தடவை ஏற்றி இறக்குகிறேன். உதவியாளரும் பழகிவிட்டான். போனில் யாரிடமோ, "அக்கா மேசைய இறக்கிட்டாங்க, இப்பப் பேசலாம்" என்று சொன்னதைக் கேட்டேன்.

சத்தம் பெரிதில்லை. தூரத்தில் மிக்ஸி ஓடுவது மாதிரி, பத்துப் பதினைந்து நொடி. மர்ச் ஷாட்களை முதல் தடவை வரிசையாகக் கோத்து லைன்-அப் போடும்போது ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துத்தான் வெட்டுவார், அவருக்கு இது தொந்தரவாக இருக்காது. எனக்கு வந்த ஒலிப் பிரச்சினை வேறு. ஸ்பீக்கர் இரண்டும் மேசையில் இருப்பதால் காதோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றன, அது நல்லது. ஆனால் தரையில் இருக்கிற சப்வூஃபர் அங்கேயே இருக்கிறது. உயரம் மாறினால் சுவரில் பட்டு வருகிற சத்தமும் மாறுகிறது. ஒரே வசனம் நின்றால் ஒரு மாதிரி, உட்கார்ந்தால் ஒரு மாதிரி. ஒலி அளவை முடிவு செய்வதை உட்கார்ந்தே செய்கிறேன்.

மோட்டாருக்கும் ஓய்வு வேண்டும். இரண்டு நிமிஷம் தொடர்ந்து ஓட்டினால் பதினெட்டு நிமிஷம் விடச் சொல்கிறது கையேடு. வந்தவர்களுக்கெல்லாம் ஏற்றி இறக்கிக் காட்டினால் நடுவில் நின்றுவிடும். அதேபோல் கரன்ட் போய் வந்தால் சில சமயம் உயரத்தை மறந்துவிட்டு அசையாது. பயப்பட வேண்டாம், இறக்கும் பொத்தானை விடாமல் அழுத்தினால் கடைசி வரை போய்த் தட்டிவிட்டுத் திரும்ப நினைவுக்கு வரும். இதை நான் கண்டுபிடிப்பதற்குள் ஒரு இயக்குநர் முன்னால் கால் மணி நேரம் 98-ல் மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையானவர். நின்றபடியே மூன்று காட்சி பார்த்தார். உட்கார்ந்திருந்தால் மூன்று மணி நேரம் பேசியிருப்பார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்காக. நல்ல வெட்டு என்றால் என்ன என்பதற்கு மர்ச் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, ரிதமுக்கு 10, பார்வை போகும் இடத்துக்கு 7, திரைத் தளத்துக்கு 5, இடத்தின் தொடர்ச்சிக்கு 4. நாம் உயிரை விடுகிற கன்டினியூட்டிக்கு நாலே நாலு. மேசைக்கு நான் அதே கணக்கைப் போட்டால், ஆடாமல் நிற்பதற்கு 51. அதில் இது 30 வாங்கும், தாராளமாக. தாழ இறங்குவதற்கு 23, முழுசாகக் கொடுத்துவிட்டேன். சத்தம், நினைவுப் பொத்தான், பலகையின் வழவழப்பு எல்லாம் சேர்த்து மிச்சத்தில் பெரும்பகுதி கிடைக்கும். நிறத்துக்கு நாலு வைத்தேன், கறுப்பு கேட்டு சாம்பல் வந்தது, எனவே பூஜ்யம். எழுபது, எழுபத்தைந்துக்குள் வரும்.

வாங்கலாமா? ஏற்கெனவே நல்ல நாற்காலி இல்லாதவர்கள் முதலில் நாற்காலி வாங்குங்கள். மர்ச்சுக்குக் கருவி பெரிய விஷயமாக இருந்ததில்லை. 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' பிலிமில் வெட்ட ஆரம்பித்த படம். நடுவில் மகனுக்கு உடல்நிலை மோசமானதால் வீட்டை ஒட்டியே வேலை பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. பாதியில் ஏவிட் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங்குக்கு மாறினார். அப்படி முடித்த படம்தான் அந்த இரண்டு ஆஸ்கரை வாங்கியது. 2003-ல் 'கோல்ட் மவுன்டன்' படத்தை ஃபைனல் கட் ப்ரோவில் வெட்டினார், பெரிய ஸ்டூடியோக்கள் அதைச் சின்ன ஆட்களின் மென்பொருளாகப் பார்த்த நேரம். நாலு செங்கல்லும் ஒரு பலகையும் கிடைத்தால்கூட மேசையை உயர்த்திவிடலாம். ஒரு வாரம் அப்படி நின்று பாருங்கள், பிடித்தால் மோட்டார்.

இன்னொன்று. எழுதும்போது மட்டும் மர்ச் படுத்துக்கொள்வாராம், நிற்கிற எடிட்டர் உள்ளே புகுந்து வெட்ட ஆரம்பித்துவிடக் கூடாது என்று. இந்த விமர்சனத்தைப் படுத்துக்கொண்டுதான் எழுதினேன். நீளத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

போன மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து இரண்டாம் பொத்தானை அழுத்தினேன். மேசை 98-ல் நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போய் 112-ல் நின்றது, கீபோர்டு என் மார்புக்கு வந்துவிட்டது, காகிதப் பொம்மை இரண்டும் குலுங்கின. உதவியாளர் நாக்கைக் கடித்தான். நான் இல்லாத நேரத்தில் அவனும் நின்று வெட்டிப் பார்க்கிறான், தன் உயரத்தை என் பொத்தானில் பதிந்துவிட்டான். "எத்தனை நாளாடா?" என்றேன். "ரெண்டு மாசமா அக்கா." டைம்லைனைப் பார்த்தேன். நான் விட்டுவிட்டுப் போன காட்சியில் ஒரு இடத்தில் பதினோரு ஃப்ரேம் கூட்டியிருந்தான். ஓடவிட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இப்போது மூன்றாம் பொத்தான் அவனுடையது.